இடது ஷூ வந்துகொண்டிருக்கிறது

ஒரு நகரத்தின் வரலாறு எப்போது விழித்தெழுகிறது என்பது குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவி வருகிறது. இனி அது தேவையில்லை. காலை ஆறரைக்கு.

ஆறரைக்கு அலாரம் அடித்தது. வரலாறு எழுந்தான். படுக்கையில் ஒரு பக்கத்து விரிப்பை மட்டும் இழுத்துச் சரிசெய்தான், மறுபக்கம் கலைந்திருக்கவில்லை. பல் தேய்த்தான். முகம் கழுவினான். சமையலறைக்கு வந்து, ஆணியில் தொங்கிய பித்தளைக் கைப்பிடியை எடுத்துக் குழாயின் தலையில் பொருத்தி, வலப்பக்கமாக இறுக்கித் திருகினான். சொட்டு நின்றது. கைப்பிடியைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினான். இரண்டு துண்டு ரொட்டி சுட்டான். ஒன்று கருகியது. கருகியதைத் தான் தின்றான். மற்றதை மைத்துனிக்காகத் தட்டால் மூடி வைத்தான். ஷூ மாட்டினான். கிளம்பினான்.

அவனுக்கு 'வரலாறு' என்று பெயர் வைத்தது பெற்றவர்கள் அல்ல, அலுவலகம். கல்லூரியில் வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறியவன். இந்தப் படிப்புக்கு எந்தக் காலத்திலும் வேலை கிடைக்காது என்று சொன்ன உறவினர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். நகரின் மிகப் பெரிய ஷூ நிறுவனம் அவனைப் 'பாரம்பரிய அலுவலர்' பதவியில் அமர்த்தியது. ஷூக்களுக்கு வரலாறு எழுதுவது வேலை. போன மாதம் தயாரான ஷூவுக்கு நூறு வருட வரலாறு எழுதுபவனை உலகம் இனியாவது மதிக்க வேண்டும்.

அவனிடம் இன்னொரு தகுதியும் இருந்தது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவன் யாரிடமும் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. எது கேட்டாலும் "சரி" என்பான். துக்கம் ஆளை மரக்கட்டையாக்கிவிட்டது என்று உறவினர்கள் சொன்னார்கள். நிறுவனம் இன்னும் ஆழமாகப் பார்த்தது. 'குழுவோடு ஒத்துழைக்கும் அரிய பண்பு' என்று அவனுடைய ஆண்டு மதிப்பீட்டில் எழுதி, சாதா நாற்காலியை எடுத்துவிட்டுச் சுழல் நாற்காலி கொடுத்தது.

அந்த நாற்காலியில் அமர்ந்துதான் அவன் 'ஒன்பது' என்னும் ஷூவின் வரலாற்றை எழுதினான். ஸ்கேட்போர்டு ஓட்டுகிற இளைஞர்களுக்கான ஸ்னீக்கர் அது. நகரத்தின் டிராம் வரலாற்றுக்குச் செலுத்தப்பட்ட காணிக்கை. காலில் போட்டுக்கொள்ளும் காணிக்கை என்பதால் அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இந்த நகரம் தன் டிராமை நேசித்ததுபோல் எந்த நகரமும் எதையும் நேசித்ததில்லை. அதை நிறுத்திய நாளிலிருந்து அதைப் பற்றி உருகாத ஆளே கிடையாது. ஓடிய காலத்தில் அந்த நேசம் சற்று அடக்கமாக இருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைத் தொந்தரவு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அவரவர் காரில் போனார்கள். ஒவ்வொரு தடமாக நின்று, கடைசியில் ஒன்பதாம் எண் மட்டும் மிஞ்சியது. அதையும் மேயர் 'கனத்த இதயத்துடன்' நிறுத்தினார். பிறகு, கனம் ஓரளவு குறைந்த இதயத்துடன், தண்டவாளத்தைப் பெயர்த்து அந்த இடத்தைக் கார் நிறுத்தக் கொடுத்தார்.

ஒன்பதாம் எண் வண்டியைக் கடைசிவரை ஓட்டியவள் வரலாற்றின் மனைவி.

அவன் கல்லூரி மாணவனாக அந்த வண்டியில் ஏறியவன். ஓட்டுநர் அறையின் சிறு ஜன்னலில் கை நீட்டி அவளிடம் டிக்கெட் எடுத்தவன். எடுத்து எடுத்துக் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணமான மறுநாள் ஜன்னலில் கை நீட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தான். வண்டி கிளம்பவில்லை.

"டிக்கெட்?" என்றாள் ஜன்னல் வழியாக.

"நான்தான்."

"நீங்கதான்னு தெரியுது. டிக்கெட் எங்க?"

எழுந்து போய் எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுக்காமல் ஏறியதில்லை. "வீட்டுல புருஷன், வண்டியில பயணி" என்பது அவளுடைய சட்டம். திருத்தங்களுக்கு இடமில்லை.

டிராம் திரும்பாது, கடைசி நிறுத்தம் வந்ததும் ஓட்டுநர் தன் கைப்பிடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் மறுமுனைக்கு நடந்து போய், அங்கே பொருத்தி ஓட்ட வேண்டும். கடைசி நாளன்று கழற்றிய கைப்பிடியை அவள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். துறை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய துறையையும் அன்றே மூடியிருந்தார்கள். அடுத்த வாரம் சமையலறைக் குழாயின் திருகு உடைந்தது. கைப்பிடியின் சதுரக் குழி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "குழாயை இறுக்கி மூடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அவன் இறுக்கி மூடுகிறான்.

'ஒன்பது' பற்றிய முடிவான ஆலோசனைக் கூட்டம் எம்.டி.யின் அறையில் நடந்தது. எம்.டி. டிராமில் செய்த எல்லாப் பயணங்களின் புகைப்படங்களும் அந்தச் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. ஒரு புகைப்படம். கடைசி நாள், கடைசி வண்டி, படிக்கட்டில் தொங்கியபடி கையசைக்கிறார்.

முதலில் வடிவமைப்பாளர் எழுந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார். கம்ப்யூட்டரில் வரைபவர்தான், பென்சில் காதுக்கு.

"டிராமுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது சார். ரெண்டு முனையும் முகம்தான். இந்த ஷூவும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் நுனி."

படத்தை எல்லோரும் மரியாதையுடன் பார்த்தார்கள்.

"கால் எந்தப் பக்கமா உள்ள போகும்?" என்று கேட்டார் எம்.டி.

"அது பயன்பாடு சம்பந்தப்பட்ட கேள்வி சார். நான் உணர்வைப் பத்திப் பேசறேன்."

நீண்ட விவாதத்துக்குப் பின், உணர்வுக்குப் பங்கம் வராமல், ஒரு பக்கம் மட்டும் குதிகாலுக்கு இடம் விடுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மற்றவை மளமளவென்று நிறைவேறின. மேல்துணி, பழைய டிராம் இருக்கைகளிலிருந்து வெட்டியது. இருக்கைகள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன; நகரத்தின் நேசம் அவ்வளவு அடக்கமானது. அடிப்பாகத்தில் ஒன்பதாம் எண் தடத்தின் வரைபடம். குதிகாலில் ஒரு சின்ன மணி. டிராம் ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கும் மணியின் நினைவாக, அடி வைக்கும்போதெல்லாம் ஒலிக்கும்.

அப்போது விளம்பரப் பிரிவுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கருத்து வருகிறது என்று பொருள்.

"எல்லாம் இருக்கு. ஆன்மா இல்ல."

வடிவமைப்பாளர் பென்சிலை மறு காதுக்கு மாற்றினார்.

"டிராம்னா என்ன சார்? காத்திருக்கறது. நாம பெட்டியைத் திறந்ததும் ரெண்டு ஷூவையும் கையில குடுத்துட்டா, இதுல வரலாறு எங்க இருக்கு? வலது ஷூவை முதல்ல குடுப்போம். இடது ஷூ பின்னால வரும்."

"எப்ப வரும்?"

"அதைச் சொல்லக் கூடாது சார். கேட்டா, 'வந்துகொண்டிருக்கிறது'ன்னு மட்டும் சொல்லணும்."

எம்.டி. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "வரலாறு," என்றார், "வரலாற்றுப்படி இது சரிதானே?"

ஒன்பதாம் எண் வண்டி, அவள் ஓட்டிய காலத்தில், ஒரு நாளும் தாமதமானதில்லை. அது வருவதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.

"சரி," என்றான் வரலாறு.

இப்போது எம்.டி. மாதிரி ஷூவைக் கையில் எடுத்து, அதன் நாக்கை, லேஸுக்கு அடியில் நீண்டிருக்கும் துணிப் பட்டையை, சுட்டுவிரலால் நீவினார். "நாக்கு காலியா இருக்கே. இதுல ஒரு வாசகம் வரணும். அன்னைக்குக் கடைசி நிறுத்தத்துல அந்த ஓட்டுநர் அம்மா மைக்கில ஏதோ சொன்னாங்க. அதையே போட்டுடலாம். நான் வண்டியில இருந்தேன். அவங்க சொல்லி முடிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

"என்ன சொன்னாங்க சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாங்க எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தோம்."

எல்லோரும் வரலாற்றின் பக்கம் திரும்பினார்கள். அன்று ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் விளம்பரத் தலைவி.

"கேட்டுச்சு."

"எத்தனை எழுத்து வரும்? ஒரு நாக்குல பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும்."

"அதுக்கு மேல வரும்."

"உருக்கமா இருந்துச்சா?"

வரலாறு யோசித்தான். "சாதாரணமா இருந்துச்சு."

விளம்பரத் தலைவி பெருந்தன்மையுடன் தலையசைத்தார். "பாவம், அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. முன்கூட்டியே சொல்லாம திடீர்னு மைக்கைக் கையில குடுத்தா யாருக்குத்தான் நல்ல வசனம் வரும்? நாம எழுதிக் குடுப்போம்."

இறந்துபோன பெண்மணிக்கு வசனம் எழுதிக் கொடுக்கும் இந்தச் சேவையை நிறுவனம் இலவசமாகச் செய்தது. மதிய உணவுக்குள் வாசகம் தயார். வலது நாக்கில்: 'பாதைகள் முடியலாம்.' இடது நாக்கில்: 'பாதங்கள் முடிவதில்லை.'

"வெளியீட்டு விழா மேடையில நீங்களே இதை அவங்க சொன்னதாச் சொல்லணும்," என்றார் எம்.டி. "புருஷன் வாயால வந்தா சத்தியம் மாதிரி இருக்கும்."

"சரி."

"உங்க வீட்டுல டிராம் கைப்பிடி ஒண்ணு இருக்காமே? நிரந்தரக் காட்சிக்கு வேணும். கண்ணாடிப் பெட்டி சொல்லியாச்சு."

"சரி."

"உங்க மைத்துனி ஸ்கேட்போர்டு பிரமாதமா ஓட்டுவாங்களாமே. அன்னைக்கு அவங்கதான் முதல்ல ஷூவைப் போட்டு ஓட்டிக் காட்டணும்."

மைத்துனியைக் கேட்காமலே, "சரி," என்றான்.

மைத்துனி, மனைவியின் தங்கை. அக்காவுக்கு உடம்பு சரியில்லாதபோது 'ரெண்டு நாள்' என்று ஒரு பையும் ஒரு ஸ்கேட்போர்டுமாக வந்தவள். போகவில்லை. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில், பழைய டிராமின் கடைசி நிறுத்தச் சதுக்கத்தில் ஸ்கேட்போர்டு. அங்கே ஸ்கேட்போர்டு ஓட்டத் தடை என்று பலகை இருக்கிறது. பலகைக்கு ஒரு காவலாளி இருக்கிறார். அவர் துரத்துவார், இவள் ஓட்டுவாள். இருவருக்கும் அது நல்ல உடற்பயிற்சி.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா 'பாதங்கள்'னு சொன்னாளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அக்காவுக்குக் கால்னா கால்தான் மாமா. ராத்திரி வந்து உக்காந்தா 'கால் வலிக்குது'ம்பா. என்னைக்காவது 'பாதங்கள் வலிக்குது'ன்னாளா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சரின்னுட்டேன்."

"நீங்க சரின்னு சொல்லாதது இந்த ஊர்ல இன்னும் என்ன பாக்கி? போன வாரம் ஒருத்தன் வாசல்ல வந்து மீன்தொட்டி வேணுமான்னான். சரின்னீங்க. மீன் வேணுமான்னு அவன் கேக்கல, அதனால மீன் வாங்கல. அதோ நிக்குது, வெறும் தொட்டி."

இருவரும் மீன்தொட்டியைப் பார்த்தார்கள். மறுக்க முடியாத சான்றாக அது நின்றது.

"கைப்பிடியைக் குடுத்துட்டா குழாயை எதால மூடுவீங்க? பாதங்களாலயா?"

அவன் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி, நிஜமா அக்கா என்ன சொன்னா? அன்னைக்கு எனக்குக் கடையில லீவு கிடைக்கல. நான் வண்டியில இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

"சின்ன விஷயம்."

"சின்னதுன்னா சொல்றதுக்கு என்ன?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது, சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அது தீர்ந்துபோய்விடும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இவளிடம்கூட.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் ஓட்டறேன். ஷூ நல்லாத்தான் இருக்கும்போல. ஆனா மாமா, நீங்க மேடையேறி அந்தப் பாதங்களை அக்கா வாயில வச்சீங்கன்னா, நாளைக்கு எனக்கே அவ அப்படிப் பேசினதாத்தான் ஞாபகம் வரும். அவ குரல் ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. அதையும் கம்பெனிக்குக் குடுத்துடாதீங்க."

விழா நாள். ஆறரைக்கு அலாரம் அடித்தது. வரலாறு எழுந்தான். ஒரு பக்கத்து விரிப்பைச் சரிசெய்தான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். சமையலறைக்கு வந்து ஆணியைப் பார்த்தான். ஆணி இருந்தது. கைப்பிடி முந்தின நாளே கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. குழாய் இப்போது சொட்டவில்லை, ஒழுகியது. மீன்தொட்டியைத் தூக்கி அதன் அடியில் வைத்தான். வாங்கிய நாளிலிருந்து அது செய்த முதல் வேலை.

பழைய கடைசி நிறுத்தச் சதுக்கம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. 'ஸ்கேட்போர்டு ஓட்டத் தடை' என்ற பலகையை மறைத்து 'ஸ்கேட்போர்டு வீரர்களை வரவேற்கிறோம்' என்ற துணி கட்டப்பட்டிருந்தது. துணி சற்றுச் சிறியது. 'தடை' மட்டும் வெளியே தெரிந்தது. காவலாளிக்கு இன்று ஒரு நாள் மட்டும் துரத்த வேண்டாம் என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு வந்திருந்தது. அவர் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

டிராம்மீது கொண்ட பற்றினால் நகரப் பிரமுகர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கார்களில் வந்திருந்தார்கள். சுற்றியிருந்த எல்லாச் சாலைகளும் அந்தப் பற்றினால் அடைபட்டு நின்றன. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே ஒரு வலது ஷூ அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. வலது காலில் 'ஒன்பது', இடது காலில் சொந்த ஷூ என்று எல்லோரும் நடந்தார்கள். ஓர் அடிக்கு மணி அடித்தது. மறு அடிக்கு அடிக்கவில்லை. கூட்டம் முழுக்க நொண்டுகிறதோ என்று தோன்றும். அது பாரம்பரிய நடை. ஒவ்வொருவர் நாக்கிலும் 'பாதைகள் முடியலாம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் படித்த ஒரு முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மிச்சம் இடது நாக்கில் வருகிறது என்று சொல்லி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மேயர் பேசினார். "நாம் டிராமை இழக்கவில்லை. அணிந்துகொண்டிருக்கிறோம்." பலத்த கரவொலி. மேயர் புகழுக்கு மயங்காமல் உட்கார்ந்து, குனிந்து எம்.டி.யின் காதில் கேட்டார். "இடது எப்ப வரும்?"

"வந்துகொண்டிருக்கிறது சார்."

"அதான் எப்ப?"

திட்டப்படி பத்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் இடது ஷூக்களை ஏற்றிய வேன்கள், முன்பு தண்டவாளம் இருந்த சாலையில், பிரமுகர்களின் கார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன. இது திட்டத்தில் இல்லாத தாமதம்; ஆகவே மேலும் அசலானது. மேயர் சாலையை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சாலையைப் பார்த்தார். "கேக்கறதுக்கு ஆளே கிடையாதா?" என்றார் பொதுவாக. பொதுப் போக்குவரத்து சம்பந்தமாக மேயர் காத்திருந்தது அதுவே முதல் முறை. பழக்கமில்லாவிட்டாலும் நன்றாகவே காத்திருந்தார்.

அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் இரண்டு ஷூவும் வைத்திருந்த ஒரே ஆள் மைத்துனிதான். ஸ்கேட்போர்டைத் தரையில் போட்டு ஏறினாள். காவலாளியின் கால் தன்னையறியாமல் முன்னால் போய், உத்தரவு நினைவுக்கு வந்து, நின்றது.

அவள் பலகையைத் தள்ளவில்லை. முதலில் குதிகாலால் தரையைத் தட்டினாள். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு தட்டு.

டிராம் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு விதமாக மணி அடிப்பார்கள். இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டுவது ஒருத்தி மட்டும். அந்த மணிக்கு இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு விலகலாம். வண்டி வருகிறது என்று அர்த்தம். சதுக்கத்தின் நடுவில், ஒரு காலத்தில் தண்டவாளம் போன கோட்டின்மேல் நின்ற காவலாளி சட்டென்று விலகி வழிவிட்டார். பிறகு எதற்கு விலகினோம் என்று கீழே பார்த்தார். வெறும் சிமென்ட்.

மைத்துனி அந்தக் கோட்டின்மேல் நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.

"இப்போது," என்று மைக்கில் சொன்னார் எம்.டி., "அந்தக் கடைசி ஓட்டுநரின் கடைசி வார்த்தைகளை, அவருடைய அன்புக் கணவரே நமக்குச் சொல்வார்." மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ரெண்டே வரி. கொஞ்சம் குரல் தழுதழுக்கட்டும்," என்றார்.

"இல்ல சார்," என்றான் வரலாறு.

எம்.டி.க்கு அந்தச் சொல் புரியச் சற்று நேரமாயிற்று. அவனிடமிருந்து அதை அவர் கேட்டதில்லை. "என்ன இல்ல?"

"அவ அப்படிச் சொல்லல."

மைக்கை வாங்கினான். "என் மனைவி அன்னைக்கு," என்று தொடங்கினான்.

'என் மனைவி' என்றதுமே கூட்டம் நெகிழ்ந்து கைதட்டத் தொடங்கிவிட்டது. அவன் சொன்னான். அவர்கள் தட்டினார்கள். முழுவதும் சொல்லி முடித்தான். இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேயர் எழுந்து நின்று தட்டினார். முன்வரிசையும் எழுந்தது. வலது மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. அன்றும் இப்படித்தான் தட்டினார்கள்.

"அற்புதம்," என்று எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மறுபடி சிலிர்த்துப்போச்சு."

வரலாறு மைக்கைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியிடம் போனான். மூடியைத் தூக்கிக் கைப்பிடியை வெளியே எடுத்தான்.

விளம்பரத் தலைவி ஓடிவந்தார். "அது நிரந்தரக் காட்சிக்கு."

"வீட்டுல குழாய் ஒழுகுது மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குழாய் ஒழுகுது," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "ஏழே எழுத்து. அடுத்த ஷூவோட நாக்குக்கு வச்சுக்கலாமா?"

"வேண்டாம்," என்றான். ஒரே நாளில் இரண்டாவது மறுப்பு. அந்தச் சுழல் நாற்காலி இனி அவனுக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

கைப்பிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சாலையோரமாக நடந்தான். அங்கே, பழைய டிராம் நிறுத்தத்தில், பிரமுகர்கள் வரிசையாக நின்று கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிசல் விலகியதும் இடது ஷூ வேன்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே வந்தன. 'வரலாற்று உணர்வுடன் ஓட்டவும்' என்று அவற்றின் ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். முதல் வேன் நிறைந்திருந்ததால் நிற்கவில்லை. இரண்டாவது, முதல் வேன் நிற்காததால் நிற்கவில்லை. மேயர் கையை ஆட்டியபடி பின்னால் ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். ஓர் அடிக்கு மணி, மறு அடிக்கு மௌனம்.

பின்னாலிருந்து சக்கரச் சத்தம் வந்தது. மைத்துனி பக்கத்தில் வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி வேகத்தைக் குறைத்தாள்.

"ஷூ எப்படி?" என்று கேட்டான்.

"நேரா மட்டும் போகுது. அடியில அந்த மேப்பு இருக்கு பாருங்க, அது பலகையைத் திரும்பவே விட மாட்டேங்குது." அவன் சட்டைக்குள் துருத்திய கைப்பிடியைப் பார்த்தாள். "திருடிட்டீங்களா?"

"நம்மளோடதுதானே."

"பாதங்களைச் சொல்லலைன்னு மட்டும் தெரிஞ்சுது. எம்.டி. மூஞ்சியைப் பாத்தேன். என்ன சொன்னீங்க? இவங்க கைதட்டுன தட்டுல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அக்கா சொன்னதைத்தான்."

"அதான் மாமா, அவ என்னதான் சொன்னா?"

கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு சொன்னான். அன்று வண்டியில் நிற்க இடமில்லை. பக்கத்து இருக்கையில் மேயர். படிக்கட்டில் எம்.டி. ஜன்னல்களில் எல்லாம் கேமராக்கள். அத்தனை வருடத்தில் அவ்வளவு கூட்டத்தை அந்த வண்டி கண்டதில்லை. கடைசி நிறுத்தத்தில் பிரேக் போட்டாள். இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினாள். மைக்கை எடுத்தாள். கைதட்டுவதற்காக எல்லோரும் கைகளைத் தூக்கினார்கள்.

"இவ்வளவு பேர் ஏறியிருக்கீங்க. டிக்கெட் எடுத்தது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவர் உக்காரட்டும். மத்தவங்க எல்லாரும் இறங்குங்க."